இருநூறு சதவீதம்

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய் என்றே நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சமையலறைக் குழாய்தான் இன்னும் சொட்டுகிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்கிறார், அந்த நாளை எது என்று அவருக்கே தெரியாது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்குக் கண் மங்குகிறது.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்ப்பவர்கள் பொது ஃபைலில் போடும் எண்களைப் பார்த்து ஒவ்வொரு நோயாளிக்கும் அறிக்கை அடிப்பதுதானே என் வேலை. கொஞ்ச நாளாக எட்டும் மூன்றும் ஒன்றுபோலத் தெரிகின்றன. முதலில் திரையைத் துடைத்தேன். பிறகு கண்ணாடியை. பிறகு துடைக்க ஒன்றுமில்லை. எழுத்தைப் பெரிதாக்க ஏதோ வழி உண்டு என்று தெரியும், கேட்கத்தான் பயம், உன்னைக் கேட்டால் ஏன் என்பாய். எல்லோரும் சாப்பிடப் போனபோது தேடினேன். மேலே இருக்கவேண்டிய பொத்தான் வரிசையே சுருங்கி ஒளிந்துகிடந்தது, ‘வியூ’ என்ற சொல்லை இரண்டு தட்டு தட்டியதும் விரிந்தது, அதற்குள் ‘ஜூம்’. இருநூறு சதவீதம் வைத்தேன். எட்டு எட்டாயிற்று. அழுகை வந்துவிட்டது.

சேமித்து மூடினால் அந்த அளவும் ஃபைலோடு போகும் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பக்கத்து நாற்காலிக்காரி, கடுகு என்று கூப்பிடுவோமே அவள், அதைத் திறந்துவிட்டு, “யாருங்க இது, சுவத்துல ஒட்டற போஸ்டர் மாதிரி வச்சிருக்கறது? இங்க யாருக்குக் கண்ணு தெரியல?” என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், யாருக்காவது கை பட்டிருக்கும் என்றேன். அன்றிலிருந்து வந்ததும் பெரிதாக்குவேன், போகுமுன் சுருக்குவேன், யாராவது பின்னால் வந்து நின்றால் சட்டென்று சுருக்கிவிட்டு, தெரிகிற மாதிரியே தட்டிக்கொண்டிருப்பேன். அப்படித் தட்டியதில்தான் போன வாரம் ஒருவருடைய எட்டு மூன்றாகிவிட்டது. அனுப்புமுன் கண்ணில் பட்டது. பட்டது ஒன்று. படாதது எத்தனை? அவர்களெல்லாம் இப்போது எந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ.

இன்று காலை ஃபைலைத் திறந்தால் ஏற்கெனவே பெரிதாக இருக்கிறது. நேற்று என் கையால் சுருக்கிவிட்டு வந்தேன், சத்தியமாக. கடுகு நிமிரவே இல்லை. இரக்கமா, உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்ற எச்சரிக்கையா, தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் திரையைப் பார்த்தபடியே, “இன்னிக்குப் பாதி நான் அடிச்சிடறேன்க்கா” என்றாள். சரி என்றேன்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் நானே சொல்லப்போகிறேன், நான் அடித்தவை அத்தனையையும் இன்னொருவர் பார்க்கவேண்டும் என்று. வேலை போனால் போகட்டும். அதன் பிறகு கண் டாக்டர். இரண்டில் எதற்கு அதிகப் பயம் என்று மட்டும் கேட்காதே.

ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு. உன் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடு, இது எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பதில் எழுதினால் பெரிய எழுத்தாக எழுது, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, படித்துக் காட்டச் சொல்ல முடியாது.

உன்
அம்மா