முடிவில்லை, ஆனால்

தோழர் பெய் கெமிங் அவர்களுக்கு,

நிங் ஷூயுன் எழுதுவது. இங்கே நானும் மகள் வென்யுவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கச் சட்டப்படி எனக்கு இப்போது உரிமை கிடையாது. இருந்தாலும் கேட்கிறேன். சிங்ஹாய்ப் பக்கம் இந்நேரம் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று தாள். இரண்டரைத் தாளில் சதுரக் கூம்பை எப்படிப் பிளப்பது, பிளந்து மிஞ்சியதை மறுபடியும் எப்படிப் பிளப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி அரைத் தாளில்தான் நம் சமாச்சாரம். உங்கள் மேலிருந்த குற்றச்சாட்டை நீக்கிவிட்டார்கள், கட்டாய உழைப்புப் பண்ணையிலிருந்து விடுவிக்கிறார்கள், அடுத்த மாதம் ஊருக்கு வருகிறீர்கள், வந்து தூ ஷௌரென் வீட்டில் தங்கி அவரோடு சேர்ந்து புத்தகம் எழுதப் போகிறீர்கள். கடைசியில், 'குழந்தை நலமா?' குழந்தைக்கு இருபத்து நான்கு வயதாகிறது. செங்கல் சூளையில் வேலை பார்க்கிறாள்.

குற்றச்சாட்டு நீங்கியது என்ற வரியைப் படித்துவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? காலுறைத் தொழிற்சாலையில் எந்திரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அடுத்த வரியைப் படித்ததும் அழுகை அப்படியே நின்றுவிட்டது. தூ ஷௌரென் வீடா? இவ்வளவு பெரிய ஊரில் உங்களுக்கு வேறு வீடே அகப்படவில்லையா?

அவர் இப்போது உங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியர், தெரியுமா? போன வாரம் இங்கே வந்தார். கையில் அரைக் கிலோ பன்றி இறைச்சி, இரண்டு பொட்டலம் சர்க்கரை. கதவை முழுக்கத் திறக்காமல் நின்றேன். அந்த இடுக்கு வழியாகவே பேசினார். "அண்ணி, பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. காலம் அப்படி இருந்துச்சு. நாம எல்லாருமே பாதிக்கப்பட்டவங்கதானே" என்றார். நீங்க பாதிக்கப்பட்டது உங்க தொப்பையைப் பார்த்தாலே தெரியுதே என்றேன். மனிதருக்கு உறைக்கவில்லை, சிரித்தார். 'முன்னோர் கணிதத்தில் முடிவிலி' என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறாராம், மாகாணத் தலைநகரில் அச்சிடப் போகிறார்களாம். கூம்பைப் பிளக்கும் இடம் மட்டும் அவருக்கு ஓடவில்லையாம், அதற்கு நீங்கள் வேண்டுமாம். "முன்னுரையில கெமிங் அண்ணன் பேரையும் போட்டுடறேன்" என்றார். பேரையும்! அந்த 'யும்' எனக்கு எப்படிக் குத்தியது என்று உங்களுக்குப் புரியுமா? இறைச்சியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வென்யு இறைச்சி தின்று எத்தனையோ நாளாகிறது. இருந்தாலும் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு அந்தக் கூட்டம் மறந்துவிட்டதோ என்னவோ, நான் எதையும் மறக்கவில்லை. எல்லாரும் கையில் சிவப்புப் பட்டை கட்டித் திரிந்த காலம். ஓர் அடிக் குச்சியை நாளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் என்றைக்கும் தீராது என்ற பழைய கணக்கை மேலிடத்திலேயே எடுத்துச் சொல்லிவிட்டார்கள். எதையும் பிளந்துகொண்டே போகலாம், முடிவே கிடையாது, அதுதான் சரியான சிந்தனை. நீங்கள் என்ன செய்தீர்கள்? வகுப்பில் வட்டத்தை வெட்டும் பாடம் நடத்தினீர்கள். வட்டத்துக்குள் ஆறு பக்க உருவம், பன்னிரண்டு பக்க உருவம் என்று வெட்டிக்கொண்டே போனால் இனி வெட்ட முடியாது என்கிற ஓர் இடம் உண்டு, அங்கே எதுவும் மிஞ்சாது என்றீர்கள். பக்கத்து வகுப்பில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த தூ அதைக் காதில் வாங்கிக்கொண்டார். பெய் கெமிங் முடிவு உண்டு என்கிறான், மேலிடத்தை மறுக்கிறான் என்று புகார் எழுதினார். மூன்று வருஷம் நம் வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதர்.

மேடையில் உங்கள் கழுத்தில் குற்றத்தை எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார்கள். தூதான் மூங்கில் குச்சியும் கத்தியும் கொண்டுவந்து கையில் கொடுத்தார், வெட்டு, எங்கே முடிகிறது என்று காட்டு என்றார். நீங்கள் வெட்டினீர்கள். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. துண்டு விரல் நகம் அளவுக்கு வந்ததும் முடிவு உண்டா இல்லையா என்று கேட்டார்கள். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது அவர்களுக்கு. நீங்களும் சொன்னீர்கள், முடிவில்லை என்று. பொய் கூட இல்லை அது. முன்வரிசையில் ஆட்கள் கலைந்து போக எழுந்துவிட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்குப் போய் முட்டைக்கோஸ் வதக்கலாம், கொஞ்சம் இஞ்சி இருக்கிறது என்றெல்லாம் நினைத்துவிட்டேன்.

அப்போது நீங்கள், "ஆனால்" என்றீர்கள்.

ஆனால், வெட்டிப்போட்ட துண்டுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள், ஓர் அடியைத் தாண்டாது, முடிவில்லாதது ஓர் அளவுக்குள் அடங்கும், அதுதான் இதில் அழகு என்றீர்கள். கழுத்தில் அட்டையோடு ஒரு சாக்குக்கட்டி கேட்டீர்கள், கரும்பலகை இருந்தால் விளக்கலாம் என்று! பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தூ சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நான் கூட்டத்துக்கு நடுவே நின்று மனதுக்குள் கத்தினேன். வாயை மூடுங்க, வீட்டுக்கு வாங்க, சோறு ஆறிப்போகுது. அந்த நேரத்தில் உங்கள் மேல் எனக்குப் பெருமையும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு வேளை அடுப்பெரிக்க முடியவில்லை.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு உனக்கும் அவனுக்கும் நடுவே கோடு கிழி என்றார்கள். உன் மகள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமானால் புருஷனோடு உறவில்லை என்று கையெழுத்துப் போடு என்றார்கள். நீங்களும் தலையை ஆட்டினீர்கள், போட்டேன். கோட்டுக்கு நீளம்தான் உண்டு, அகலம் கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களே, நான் கிழித்த கோட்டுக்கு அகலம் இருந்தது. நானும் வென்யுவும் இத்தனை வருஷமாக அதற்குள்தான் குடியிருக்கிறோம். அவள் உங்கள் குடும்பப் பெயரை விட்டுவிட்டு என்னுடையதை வைத்துக்கொண்டாள். அப்படியும் அடுத்த பருவத்திலேயே பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். மலைக்கிராமத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள், சூளைக்குப் போனாள். கல் சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிவிட்டது. போன வருஷம் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுது என்று கெஞ்சினேன். "நம்ம வீட்டுல ஒருத்தர் கணக்குப் போட்டது போதும்மா" என்றாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். பார்த்த மாத்திரத்தில் ஒரு சூளையில் எத்தனை கல் என்று சொல்லிவிடுவாள். உங்கள் ரத்தம்.

இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள், தூவும் காலத்தின் கையில் சிக்கியவர்தான், இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் கசப்பு மிகச் சிறியது, கூம்பைப் பிளந்து மிஞ்சும் துண்டு போல மிச்சம் என்று தள்ளிவிடலாம் என்று. யாருடைய மிச்சம் அது? உங்கள் பங்கை நீங்கள் தாராளமாகத் தள்ளிக்கொள்ளுங்கள், பண்ணையில் உப்புமண் வெட்டியது உங்கள் முதுகு. வென்யுவின் தோளைத் தள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவர் இன்னும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்கவில்லை, சர்க்கரை கொடுக்கிறார். எவ்வளவு சின்னதாக இருந்தால் நாங்கள் உங்கள் கணக்கில் இல்லாமல் போவோம் என்று எனக்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை வென்யுவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள், மடித்துக் கொடுத்தாள். "அவர் தூ வீட்டுக்குப் போறதுன்னா போகட்டும். அன்னைக்கு நான் சூளையில இருப்பேன். என்னை யாரும் தேடிக்கிட்டு வர வேணாம்" என்றாள். சொன்னால் சொன்னதுதான் அவள், உங்களைப் போல. ஆனால் மறுநாள் அரிசி களைந்துகொண்டே, ரயிலடியிலிருந்து வரும் பஸ் இங்கே எத்தனை மணிக்கு வரும் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். நீங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை வேலையை யாருடனோ மாற்றியும் கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

புத்தகம் எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள். அந்தக் கூம்பு உங்கள் தலைக்குள் கிடந்து எப்படித் தவித்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுங்கள், உங்கள் பெயரை மட்டும் போட்டு எழுதுங்கள். மேசை ஒரு காலில் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு கட்டில்தான் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பஸ் நிலையத்தில் தூ பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சேகண்டி அடித்து, சிவப்புத் தாள் மாலையோடு உங்களை வரவேற்கப் போகிறாராம். படம் பிடிக்க ஆள் வருகிறதாம். நிலையத்துக்கு முந்தின நிறுத்தம், ஊரின் கிழக்கு வாசலில் பஸ் ஒரு நிமிஷம் நிற்கும். அங்கே சேகண்டி இருக்காது. நான் நிற்பேன். வென்யு வருவாளா என்று என்னால் சொல்ல முடியாது, அவள் வந்தாலும் தூரத்தில்தான் நிற்பாள். எங்கே இறங்குவது என்பது உங்கள் இஷ்டம். நிலையம் வரைக்கும் போய்விட்டால் எங்களைப் பற்றி இனி யாரிடமும் விசாரிக்க வேண்டாம், நாங்கள் நன்றாகவே இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் குளிர் ஏறும், கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பஸ் கூரையில் போடாதீர்கள். ஒரு பெட்டியை இறக்குவதற்காக ஓட்டுநர் கிழக்கு வாசலில் காத்திருக்க மாட்டான். கனமாக இருந்தாலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நிங் ஷூயுன்