மணிக்குத் துணி சுற்றிய உபதேசியார்

1893 ஜனவரி 16, திங்கள்
இன்றும் உச்சி மணிக்கு முதல் இழுப்பிலேயே கயிற்றை விட்டுக் குப்புற விழுந்தேன். செபத்துக்கு வந்த ஜனம் இதைப் பக்தி என்று நினைத்து முழந்தாளிட்டது. நல்ல உபதேசியார்!

ஜனவரி 17
மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இப்போதெல்லாம் வியாகுலமேரியின் பெயரே சட்டென்று வருவதில்லை, கட்டிய மனைவி!

கோவிலுக்கு மேற்கே தம் வயலில் அம்மாவாசி கிணறு வெட்டுகிறார். உச்சி மணி கேட்டதும் ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள். மணி ஓய்ந்ததும் வெடித்திரியில் தீ வைப்பார்கள். ஐப்பசியில் ஒருநாள் வெகுநேரம் வெடிக்கவில்லை. திரி அணைந்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, போய் எட்டிப் பார்த்தேன். அணையவில்லை.

மண்டைக் காயம் ஆறிவிட்டது என்கிறார் வைத்தியர். உள்ளே இருக்கும் மூளைதான் மணியையும் வெடியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது.

ஜனவரி 22, ஞாயிறு
ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரை பொறுப்பாராம் பங்குச் சாமியார். அதற்குள் மணி ஒழுங்காக அடிக்காவிட்டால் வேறு உபதேசியார். பதினெட்டு வருஷம்யா — இந்தக் கயிறு போனா நான் யாரு?

பிப்ரவரி 6
“சத்தத்துக்குத்தான பயப்படுறீக? மணி நாக்குல துணியச் சுத்துங்க” என்றாள் வியாகுலமேரி. பழைய வேட்டி, ஏழு சுற்று. பூசணிக்காயைத் தட்டினதுபோல் ஒரு சத்தம். விழவில்லை, உட்கார்ந்தேன். வாரம் ஒரு சுற்று அவிழ்க்க அவள் உத்தரவு.

பிப்ரவரி 15, விபூதிப் புதன்
“மணிக்குச் சளியா, உபதேசியாரே?” என்று கேட்டார் அம்மாவாசி. உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அதுக்காகத்தான் வெடிய நிப்பாட்டி வச்சிருக்கேன். நீக தேறுங்க, பெறகு பாத்துக்கிருவோம்.”

அவர் வயல் காய்கிறது. என்னால். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9
மூன்று சுற்று பாக்கி. அடுக்களையில் பித்தளைக் குடம் விழுந்தது; நான் தெருவில் நின்றேன். எப்படிப் போனேன் என்று கால்களைத்தான் கேட்க வேண்டும். ஒரு சுற்றைத் திரும்பச் சுற்றிவிட்டேன்.

மார்ச் 31, பெரிய வெள்ளி
ஆண்டவர் மரித்த துக்கத்துக்காக நேற்றுப் பூசையிலிருந்து மணிக்கு ஓய்வு. நாளைக் காலை வரை மரக்கட்டைதான் தட்ட வேண்டும். கோழைக்கு இதைவிடத் திருநாள் உண்டா? ஆனால் உச்சிக்குக் கை தானாகப் போய்க் கயிற்றைத் தேடியது. அட மூளையே!

ஏப்ரல் 1, பெரிய சனி
துணி முழுவதையும் அவிழ்த்தேன். காலைப் பூசையில் சாமியார் குளோரியாப் பாட்டைத் தொடங்கியதும் இழுத்தேன். சட்டை நனைந்துவிட்டது. விழவில்லை. “கயிறு உம்முடையதுதான்” என்றார் சாமியார்.

ஏப்ரல் 10
அம்மாவாசியிடம் நானே போனேன். “நாளைக்குத் திரி வையுங்க.” என் வாயா இது?

ஏப்ரல் 11
மணி அடித்தேன். ஓய்ந்தது. வெடித்தது. உடம்பு தூக்கிப் போட்டது. கயிற்றை விடவில்லை.

சத்தம் கேட்டு வியாகுலமேரி என்னைக் குதிருக்குப் பின்னால், வைக்கோல் படப்பில், மாட்டுத் தொட்டியில் எல்லாம் தேடிவிட்டுக் கோவிலுக்கு ஓடி வந்திருக்கிறாள்.

“இங்கனயா நிக்கிறீக?” என்றாள்.

“இங்கனதான் நிக்கிறேன், வியாகுலமேரி.”

பெயரைக் கேட்டதும் அழுதுவிட்டாள்.