தீப்பறவைக் கார்ட்

சனிக்கிழமை, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. வங்காலையில் பிள்ளைகள் விளையாட்டுக் கார்ட்களை மாற்றிக்கொள்ள ஒரு கிளப் தொடங்கியபோதே ஒரு விதி வைத்தேன். கார்டில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். அதனால் மாற்றிக்கொள்வதற்கு முன், ஆங்கிலம் தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு இரண்டு கார்டையும் உள்ளபடி தமிழில் சொல்ல வேண்டும்.

இன்று ஜெனிற்றா அதிலேயே கைவைத்துவிட்டாள். புதிதாகச் சேர்ந்த கவிதாவிடம் அருமையான தீப்பறவைக் கார்ட் இருந்தது. "இது ஒருக்கா அடிபட்டாலே செத்துப்போகும், உதவாது" என்று சொல்லி, தன்னிடம் சும்மா கிடந்த ஆமைக் கார்டைக் கொடுத்து அதை வாங்கிவிட்டாள். செத்த பறவை திரும்ப எழும்பும் என்ற அடுத்த வரியை வாசிக்கவேயில்லை!

ஜெனிற்றாவைக் கூட்டிப்போக வந்த, நண்டு பிடிக்கும் தகப்பனிடம் சொன்னேன். மனுசன் சிரிக்கிறார்.

"விடுங்கோ டீச்சர், என்ர பிள்ளை எங்கையும் பிழைச்சுக்கொள்ளும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?" என்று அவளிடமே கேட்டேன்.

அவள் பயப்படவேயில்லை. "நண்டு எடுக்க வாறவரும் அப்பாட்ட அப்பிடித்தானே சொல்லுறவர்? சதையில்லை, உதவாது எண்டு அரை விலைக்கு எடுத்துப்போட்டு, நல்ல நண்டுப் பெட்டிக்குள்ளதானே போடுறவர். அப்பா ஒண்டும் கேக்கிறேல்லையே."

தகப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது. போய் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

கார்டைத் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டேன். ஆனால் இப்போது யாரைப் பிடித்து ஏசுவது?

நாளை ஞாயிறு, கடலுக்குப் போகமாட்டார்கள். திங்கள் விடிய அந்த நண்டு வியாபாரி வருவான். ஜெனிற்றாவும் கரையில் நிற்பாள்.