முள் கிடக்கும் மூலை

முதலமடை, 1976

மாட்டுப்பட்டி மலைப் பண்ணையில் வேலையாக இருக்கும் உங்களுக்கு எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. பண்ணையில் குளிர் அதிகம் என்றார்கள், ஒரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று பிளாக் ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். நம் பக்கம் ரொம்பப் பின்தங்கிக் கிடக்கிறதாம். ரோடு, ஆஸ்பத்திரி, கரண்டு, கிணறு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய திட்டம் போட்டிருக்கிறார்கள். படத்தை விரித்துக் காட்டினார்கள். கொல்லங்கோட்டு ரோடு நம் தோட்டத்து வழியாகத்தான் வருகிறது.

"நல்ல நெலம் எதும் போகாதுங்க. அந்த முள்ளுக் கெடக்கற மூலை மட்டுந்தான். அங்க ஒண்ணும் இல்லீங்களே?" என்று ஆபீசர் கேட்டார்.

உங்கள் அண்ணன் என்னைப் பார்த்தார். "சொல்லிப்போடட்டுமா அம்மிணி?" என்றார், மெதுவாக.

"ஒண்ணும் இல்லீங்க," என்று ஆபீசரிடம் நானே சொன்னேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் மோர் கொடுத்தேன்.

ரோடு வந்தால் ஆஸ்பத்திரிக்கு அரை மணியில் போய்விடலாமாம். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு நாம் போன வண்டி அன்று ஆற்று மணலிலேயே திரும்பிவிட்டது. நாய் தோண்டாமல் இருக்க அந்த மூலையில் முள் வெட்டிப் போட்டுவிட்டு பஸ் ஏறினீர்கள். அது இன்னும் அப்படியே கிடக்கிறது.

முள்ளை அப்புறப்படுத்த ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம், போட்டவர் வந்து எடுப்பார் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி