துட்டி நாடகத்துக்கு நான் போட்ட கார்டு

ஐப்பசி 5, புதன்
காலையிலிருந்து மழை. மலைப்பாதை ஏறும் மெட்டுப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. ஜீப்பு ஒன்றும் இறங்கவில்லை, கடைக்கு ஏலக்காயும் வரவில்லை. பழைய மூட்டைகளை மாற்றி அடுக்கியே பொழுது போனது.

நேற்று டி.வி.யில் துட்டி நாடகம், ஆறாவது வாரம். செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள் படுத்தும் பாடுதான் கதை. முடிந்ததும் அறிவிப்பு: கணவரை இழந்த சகோதரிகளின் மனம் புண்படுவதாக நேயர்கள் எழுதியிருப்பதால் அடுத்த வாரத்தோடு நிறைவு.

மதினி: "எந்தச் சகோதரிக்குப் புண்பட்டுச்சாம்? நாந்தான் வாராவாரம் விழுந்து விழுந்து சிரிக்கிறேனே."

அண்ணன் போய் மூன்று மாதம். மதினி சிரிப்பது அந்த அரை மணி நேரம்தான்.

அப்படி எழுதியது நான்.

ஐப்பசி 7, வெள்ளி
தூறல். குடையைக் கடையிலேயே மறந்துவிட்டேன். பல் வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

என் ஒரு தபால் கார்டுக்காகவா நிறுத்துவார்கள்? ஊர் ஊராக நூறு பேர் எழுதியிருப்பார்கள். இப்படிச் சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை.

எழுதியது: "எங்கள் வீட்டிலும் கணவரை இழந்த பெண் ஒருவர் இருக்கிறார். இதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்." பச்சைப் பொய்.

உண்மைக் காரணம் வேறு. நான்காவது வாரம் கதையில் ஒரு கொழுந்தன் வந்தான். வாசலில் ஆள் தலை தெரிந்தால் ஓவென்று அழுவான். ஆள் போனதும் காபி கேட்பான். மதினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்படியே நம்ம தம்பி!" என் பெண்டாட்டியும் சேர்ந்து சிரித்தாள்.

அண்ணனுக்குத் துட்டி கேட்க ராசிங்காபுரத்துச் சித்தப்பா வந்தபோது நான் அப்படித்தான் அழுதேன். அவர் போனதும் காபி கேட்டதும் நிஜம். ரோசம் வந்துவிட்டது. மறுநாளே கார்டு.

ஐப்பசி 9, ஞாயிறு
சொல்லிவிடலாம் என்று அடுப்படி வரை போனேன். மதினி நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, காபியா?" ஆமாம் என்று வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவன்.

ஐப்பசி 11, செவ்வாய்
மழை விட்டது. நல்ல காற்று. நாடகம் ஆரம்பிக்கும்போதே படம் புள்ளி புள்ளியாக. மாடி ஏறி ஆன்டெனாவைக் கொடைக்கானல் டி.வி. கோபுரத்தின் பக்கம் திருப்பினேன்.

கீழிருந்து பெண்டாட்டி: "தெரியுது, தெரியுது! அப்படியே நில்லுங்க!"

கையை எடுத்தால் படம் போய்விடும். அரை மணி நேரமும் பிடித்தபடியே நின்றேன். கடைசி வாரத்தை நான் பார்க்கவில்லை. மதினி சிரிப்பது மட்டும் மாடி வரை கேட்டது.

இறங்கி வந்தால் மதினி கையில் ஒரு கார்டு.

"எழுதுங்க தம்பி. புருசன் போனவ ஒருத்தி சொல்றேன், எனக்கு ஒண்ணும் புண்படல, மறுபடி போடுங்கன்னு. உங்க கையெழுத்துத்தான் அழகா இருக்கும். வெரசா எழுதுங்க."

முதலில் விலாசம் எழுதினேன், பின்கோடு வரை.

"வெலாசத்தப் பாக்காமலே எழுதுறீக?"

பொய் வாயில் வரவில்லை. சொல்லிவிட்டேன். முன்னால் போட்ட கார்டில் மதினியைப் பற்றி என்ன எழுதினேன் என்பதையும்.

மதினி கத்தவில்லை. "உங்கண்ணன் போன அன்னைக்கு, அழுதிருங்க மதினி, அழுதிருங்கன்னு ஊரு முன்னாடி உலுக்குனீக. இப்ப சிரிச்சதையும் நீங்களே நிப்பாட்டிட்டீக."

கார்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்த வீட்டு டீச்சரிடம் எழுதிக்கொள்வாராம். விலாசம் மட்டும் என் கையெழுத்து.