வளை தோண்டும் விலங்கின் பெயர்

பிப்ரவரி 3

அன்பு வாண்டுக்கு,

நலம். மாப்பிள்ளை, பிள்ளைகள் நலமா? எனக்குத்தான் மனசு சரியில்லை. ஓய்வு பெற்ற பிறகு எழுதிய ஒரே கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ஆய்விதழ்க்காரர்கள் அதைப் பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ப்ரோக்கோஸ் என்ற சொல்தான். வளை தோண்டும் பேட்ஜர் என்ற விலங்குக்கு, ஐரோப்பாவின் பழைய மொழியான ஆதி கெல்டிக்கில் இருந்திருக்கும் என்று நாமே ஊகித்து, நட்சத்திரக் குறி போட்டு எழுதுகிறோமே, அது. கெல்ட்டுகளுக்கு முன்பு அங்கிருந்தவர்களிடம் வாங்கிய கடன்சொல் என்றேன். அந்த ஆள், 'கூர்மை' என்ற சொந்த வேரிலிருந்து வந்தது என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். "கட்டுரையாளருக்கு அடிப்படையே தெரியவில்லை" என்றும் எழுத வேண்டுமா? உன் அண்ணியிடம் காட்டவே வெட்கமாக இருந்தது. இந்தச் சொல் விஷயத்தில் நீயும் அவர் கட்சிதானே! அந்த மண்டைக்கனத்துக்கு என்ன பதில் எழுதலாம், சொல்லேன்.

அண்ணன்

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

அடிப்படை தெரியாதவரா நீங்கள்? எழுதியவருக்கல்லவா வெட்கம் வேண்டும்! பதிலை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படியே அனுப்புங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாண்டு

ஏப்ரல் 12

அன்பு வாண்டுக்கு,

ஜெயித்துவிட்டோம்! அந்த ஆள் வாயடைத்துப்போய் 'வெளியிடலாம்' என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். உன் அண்ணி ஊரெல்லாம் சொல்கிறாள்: "எங்க நாத்தனார் அந்தாளு மூக்கை உடைச்சிட்டாளே!" பாதி வாதம் உன்னுடையது. அதனால் கட்டுரையில் உன் பெயரையும் என் பெயரோடு சேர்த்து மாதக் கடைசியில் அச்சுக்கு அனுப்பப் போகிறேன். மறுக்காதே.

அண்ணன்

ஏப்ரல் 20

அண்ணா,

அனுப்பாதீர்கள். என் பெயரைப் பார்த்தால் இதழாசிரியருக்குப் புரிந்துவிடும். அந்த மதிப்பீட்டாளர் நான்தான்.

கட்டுரையில் பெயர் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே உங்கள் நடை தெரிந்துவிட்டது. அப்போதே, 'இதை நான் மதிப்பிடக் கூடாது' என்று இதழாசிரியருக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இந்தச் சொல்லைப் பற்றி நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் எல்லார் முன்னாலும் "நீ சும்மா இரு" என்று அடக்குவீர்களே, நீங்கள் குறுக்கே பேச முடியாத இடம் முதல்முறையாகக் கிடைத்தது. சந்தோஷமாகத்தான் எழுதினேன், அண்ணா. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. பிறகு எனக்கு நானே பதில் எழுதி, நானே படித்து, நானே 'வெளியிடலாம்' என்றேன். அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன்? திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

வாண்டு

ஜூன் 11

தங்கைக்கு,

கட்டுரை அச்சாகிவிட்டது. பிரதி இத்துடன் இருக்கிறது. நீ எழுதியதை எல்லாம் எடுத்துவிட்டேன். சொல்லின் பிறப்பு இன்னும் முடிவாகவில்லை என்று முடித்திருக்கிறேன். இதழாசிரியரிடம் எதுவும் சொல்லவில்லை. அது எனக்கும் வெட்கக்கேடுதான். உன் அண்ணி இன்னும் உன்னைப் புகழ்கிறாள். தலையாட்டிக்கொண்டு கேட்கிறேன்.

உன் பெயர் எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில் எல்லாரும் எழுதுகிற வரி மட்டும் இருக்கிறது: 'யாரென்று தெரியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி.'

அண்ணன்