நீ கேட்டு வாங்கிய ரோடு

அக்கா,

இன்று காலை சிவாஜிநகர் மார்க்கெட்டில் என் எதிர்க்கடை மீன்காரர் ஒரு தெர்மாகோல் பெட்டியை இறக்கினார். மூடியில் கருப்பு மையில் உன் ஊர்ப் பெயர். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தப் பெயரை உன் கருவாட்டுச் சாக்குகளில் பார்த்துப் பழகியதால் கூட்டாமலே தெரிந்துவிட்டது. உள்ளே ஐஸில் பளபளவென்று மீன். கையை விட்டுப் பார்த்தேன், விரல் மரத்துப்போனது. நீ போன சேதி வந்ததிலிருந்து எனக்கு உள்ளேயும் அப்படித்தான் இருக்கிறது. அழுகை வரவில்லை. அதனால் எழுத்துக் கூட்டியே எழுதுகிறேன்.

நீ முதல் தடவை வந்தபோது கருவாட்டுக் கடை வரிசையில் நேராக என்னிடம்தான் வந்தாய். ராமநாதபுரம் பக்கம், மணலைக் கண்டதும் பஸ்ஸே திரும்பிப் போய்விடுகிற கடற்கரைக் கோடி என்றாய். பெண்கள் சங்கம் வைத்திருக்கிறோம், அரசுத் திட்டத்தில் கொட்டகையும் காயப்போட வலைத் தட்டிகளும் கொடுத்திருக்கிறார்கள், இனிமேல் மீனை மணலில் காயப்போடுவதில்லை என்றாய்.

"இத்தினி கடை இருக்குதே, என்கிட்ட ஏன் வந்தே?" என்றேன்.

"மத்தவளுக எல்லாம் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தாளுக. நீ ஒருத்திதான் சிரிச்சுக்கிட்டு இருந்த."

"நானும் ஈதான் ஓட்னேன். சிரிச்சிகினே ஓட்னேன்."

அன்றைக்கு நடந்தது உனக்கு மறந்திருக்காது. ஸ்ரீராம்புரத்து அம்மா ஒருத்தி உன் நெத்திலியை அள்ளி உதறிப் பார்த்தாள். ஒரு பொட்டு மணல் உதிரவில்லை. "இது கடல் கருவாடே இல்ல. ஏரி மீனப் புடிச்சி மாடியில காய வெச்சிக்கினு வந்து ஏமாத்துறீங்க," என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வருஷக்கணக்கில் மணலோடு விற்று, மணல் இருந்தால்தான் கடல் சரக்கு என்று ஊரையே நம்ப வைத்திருந்தவர்கள் நாங்கள்தான்.

"அக்கா, அடுத்த தபா ஒரு மூட்டை மணலும் எடுத்துகினு வா. மேல தூவி வித்துடலாம்," என்றேன். நீ சிரிக்கவில்லை. ஒரு நெத்திலியை ஒடித்து அவள் வாயருகே நீட்டினாய். "கடிச்சுப் பாருத்தா. நாங்க உப்புப் போடல. ஏரி மீனுக்கு இந்த ருசி வருமா?" அவள் மென்றாள். மென்றுகொண்டே தராசைக் காட்டினாள்.

பிறகு டீக்கடையில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னாய். "வெளிச்சந்தையில எங்க சரக்கு போகுதுன்னு காட்டுனாத்தான் ரோட்டுக்கு எழுதுவோம்னு ஆபீசுல சொல்லிருக்காக. என் தங்கச்சிய பிரசவ வலியோட கட்டில்ல வச்சுத் தூக்கிக்கிட்டு வந்தோம். பாதி மணல்லயே போயிட்டா." பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னாய். எனக்கு வாயில் ஒரு கேலியும் வரவில்லை. அதன்பின் உன்னோடு விலைக்குச் சண்டை போட்டிருக்கிறேன், உன் சாக்கைத் திருப்பி அனுப்பியதே இல்லை.

ரோடு வந்தது. நீ மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து வரிசைக் கடை முழுக்கக் கொடுத்தாய். கல்யாணம் உனக்கா என்று கேட்டு உன் அடியை வாங்கினேன்.

அதே ரோட்டில்தான் ஐஸ் லாரியும் வந்தது. கரையிலேயே பச்சை மீனை எடுத்துக்கொண்டு கையில் காசு கொடுத்தால், காய வைக்கிற பெண்களுக்கு யார் மீன் தருவார்கள்? உன் சாக்குகள் குறைந்தன. கடைசியாக வந்தபோது அரைச் சாக்குதான் இருந்தது.

"ரோட்டத் திருப்பிக் குடுத்துட்டு மணல வாங்கிக்கோ அக்கா," என்றேன்.

"குடுக்க மாட்டேன். அது வந்ததுக்குப் பொறவு பிரசவத்துல ஒருத்தியும் சாகல," என்றாய். அரைச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, "ரெண்டும் இருக்கும்னு நெனச்சேன்த்தா," என்றாய். அவ்வளவுதான் பேசினோம்.

போன மாதம் உன் சங்கத்துப் பெண் போன் செய்தாள். நெஞ்சுவலியாம். அந்த ரோட்டில் வண்டி வேகமாகத்தான் போனதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் விட்டார்களாம். அங்கே முடிந்துவிட்டதாம். நான் சரி என்று சொல்லி போனை வைத்தேன். எதிரே நின்ற அம்மா, "ஸ்வல்ப ஜாஸ்தி ஹாக்கம்மா," என்று கன்னடத்தில் கொஞ்சம் கூடப் போடச் சொன்னாள். போட்டேன். பாக்கிச் சில்லறைகூடச் சரியாகக் கொடுத்தேன்.

இன்று மத்தியானம் அதே பெண் மறுபடி கூப்பிட்டாள். "அக்காவும் இல்ல, மீனும் இல்ல. கொட்டகையப் பூட்டிச் சாவிய ஆபீசுல குடுத்துரலாம்னு எல்லாரும் சொல்றாக. உங்க காதுலயும் ஒரு வார்த்தை போட்டுரலாம்னு கூப்புட்டேன்."

எதிர்க்கடைப் பெட்டிகளைப் பார்த்தேன். எல்லாம் பெரிய மீன்.

"அந்த லாரிக்காரன் பொடி மீன என்னா பண்றான்?"

"அதத் தொடமாட்டான். கோழித் தீவனத்துக்கு அள்ளிக்கிட்டுப் போவாக."

"கோழிக்கு முன்னாடி நீங்க அள்ளுங்க. தட்டியில காயப்போட்டு அனுப்புங்க."

"பொடிய அங்கன யாரு வாங்குவா?"

"நான் வாங்குவேன்."

விலை கேட்காமல் சொல்லிவிட்டேன், அக்கா. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்திருப்பாய். அந்தப் பக்கம் யாரிடமோ கலந்து பேசுவது கேட்டது. பிறகு, "அப்பப் பூட்டல," என்றாள்.

அந்தப் பொடியை எப்படித் தள்ளப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. உன் கொட்டகை பாதி என் தலையில் இப்போது. அழுகை எப்போது வருமோ, அதுவும் தெரியாது. சாக்கு வியாழக்கிழமை வருகிறது.